வார் அறுந்த பிறகு

கணியம்பாடி தாண்டியதும் பஸ் பாதி காலியானது.
நானும் தயாளனும் ஆளுக்கொரு ஜன்னல் பிடித்தோம்.
இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்ததை
விரல்விட்டு எண்ணிவிடலாம், இந்தப் பதினோரு வருஷத்தில்.
எண்ணுவது என் பிழைப்பு.
ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடித் துண்டின்மேல்
வெள்ளணுக்களை எண்ணுகிறேன்.
அவன் ராணிப்பேட்டையில்
முகம் தெரியாத யாரோ ஜெர்மன்காரரின் பூட்ஸுக்கு
மேல்தோல் வெட்டுகிறான்.

அமிர்தி வாசலில் சீட்டு கிழித்தவர்,
“அருவில தண்ணி இல்ல, இப்பவே சொல்ட்டேன்” என்றார்.
“பரவால்ல, நாங்க குளிக்க வர்ல.”
பிறகெதற்கு வந்தோம் என்று
அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

கூண்டுகளிடம் அதிகம் நிற்கவில்லை.
முள்ளம்பன்றி முதுகைக் காட்டித் தூங்கியது,
நைட் ஷிப்ட் முடிந்த ஆள்போல.
எழுப்ப மனசில்லை.

எங்கள் ஊர்மேல் ஒரு பழைய கேலி உண்டு:
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
கேட்டுக் கேட்டு நானும் நம்பியிருந்தேன்.
இங்கே மரம் மறைத்ததில்
மலை எங்கே ஆரம்பிக்கிறதென்றே தெரியவில்லை.
பெயர் தெரிந்தவை மூங்கில், நாவல், புங்கம்.
சந்தனம் என்று அவன் அடித்துச் சொன்னது
சந்தனமில்லை.

வழக்கம்போல் அவன் பத்தடி முன்னால்.
கம்பெனி வண்டியைப் பிடிக்கிற நடை.
பின்மண்டையில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்கு
முடி கொட்டியிருந்தது.
இன்றைக்குத்தான் பார்த்தேன்.
சொல்லவில்லை.

ஆற்றைத் தாண்டுகிற கல்லில்
அறுந்தது அவன் செருப்பு வார்.
ரப்பர் செருப்பு, நூற்றிருபது ரூபாய்.
நாளெல்லாம் ஊர் உலகத்துக் காலுக்குத் தோல் வெட்டுகிறவன்
ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்து
வெறும் மணலில் நின்றான்.
சிரிப்பை அடக்கினேன்,
மூக்கு வழியாக வந்துவிட்டது.
முறைத்தான்.
பிறகு அவனுக்கும் வந்தது.

தாலிக்கயிற்றில் எப்போதும் இரண்டு ஊக்கு கோத்திருப்பேன்.
பெரியதைக் கழற்றித் தந்தேன்.
வாரை அடியில் இழுத்துக் குறுக்கே குத்தினான்,
தொழிற்சாலை ஒழுங்கோடு,
நாக்கைக் கடித்துக்கொண்டு.
“மெதுவா நடந்தா தாங்கும்.”

மெதுவாக நடந்தான்.
பத்தடி ஐந்தடியாகி, ஒன்றாகி,
அப்புறம் அடிக்கணக்கே இல்லை.
பாதை குறுகிய இடத்தில்
தோளும் தோளும் இடித்துக்கொண்டன.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பாறைமேல் டப்பாவைத் திறந்தோம்.
எலுமிச்சைச் சோறு,
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வதக்கல்.
எங்கிருந்தோ ஒரு பறவை மூன்று முறை கூவும்,
நிறுத்தும்.
மறுபடி மூன்று.
ஒரு தடவை நான்கு கூவியது.
“இன்னா, இங்கயும் எண்றியா?” என்றான்.
என் விரல்கள் புடவைமேல் தட்டிக்கொண்டிருந்தன.

காலை நீட்டினேன்.
“உன் எடது காலு வலத விட அர நம்பர் பெருசு,
தெரியுமா?”
“எப்ப பாத்த?”
“பொண்ணு பாக்க வந்தன்னைக்கே.
மூஞ்சியப் பாக்கக் கூச்சமா இருந்துச்சி,
கீழ பாத்தேன்.”
இதுவரை கடித்த செருப்புகளெல்லாம்
இடது காலில்தான் கடித்தன.
கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன்.
அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
கோபம் வரவேண்டும்; தேடிப் பார்த்தேன்,
சோற்றுப் பருக்கைதான் கிடைத்தது, முந்தானையில்.

அருவி வரைக்கும் போனோம்.
சீட்டு கிழித்தவர் பொய் சொல்லவில்லை.
கறுத்த பாறையில் ஓர் ஈரக்கோடு,
பக்கத்தில் எறும்புச் சாரி.
தயாளன் உள்ளங்கையை ஈரத்தில் வைத்தான்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
பிறகு அந்தக் கையை என் கழுத்தில் வைத்தான்.
சில்லென்றிருந்தது.
“அருவி” என்றான்.

கடைசி பஸ்ஸில் ஒரே ஜன்னல்தான் கிடைத்தது.
பாகாயம் வருமுன் தூங்கிப்போனான்,
வாய் லேசாகத் திறந்து.

ஊக்கைத் திருப்பிக் கேட்டேன் வீட்டு வாசலில்.
“நாளைக்கு” என்றான்.
நாளைக்கு எனக்குக் காலை, அவனுக்கு இரவு.
செருப்பு படியோரம் கிடக்கிறது,
ஊக்கோடு.